ஏச்சு முறைக்காரர்கள்

மாவுட்டோ ங்கோனிக்காரன், கசோண்டே பெம்பாக்காரன். சாம்பியாவில் இந்த இரண்டு இனத்தாரும் எங்கே சந்தித்தாலும் ஒருவரை ஒருவர் ஏசித்தான் ஆகவேண்டும். மாமன் மச்சான் கேலி மாதிரி அது ஒரு முறை. சாவு வீட்டில்கூட விட மாட்டார்கள். கோபித்துக்கொள்கிறவன்தான் மரியாதை தெரியாதவன்.

கிட்வே சுரங்கத்தில் வேலை பார்க்கும் கசோண்டே, மனைவி முவேன்யாவோடு காட்டு விலங்குகளைப் பார்க்க வந்திருந்தான். காலையிலிருந்து மாவுட்டோ தன் பழைய ஜீப்பில் லுவாங்வா ஆற்றங்கரையெல்லாம் சுற்றிக் காட்டினான். பன்னிரண்டு வருடமாக இங்கே வண்டி ஓட்டுகிறவன். யானைக் கூட்டத்தையும் கிளையில் கால் தொங்கப் படுத்திருந்த சிறுத்தையையும் தானே பெற்று வளர்த்த மாதிரி காட்டினான். பெருமை தாங்கவில்லை மனுஷனுக்கு.

"அந்தா பாரு, உன் மத்தியானச் சோறு மரமேறுது," என்றான் குரங்குகளைக் காட்டி.

"எலியச் சுட்டுத் திங்கிற பய, நீ பேசாத."

"டேய் குரங்குத்தின்னி, பின்னால சிங்கம்" என்று இரண்டு தடவை பொய்யாகக் கத்தி, கீழே நின்ற கசோண்டேவை வண்டிக்குள் பாய வைத்தான். முவேன்யா வயிறு வலிக்கச் சிரித்தாள்.

மூன்று மணிக்கு ஆற்று வளைவில் நிறுத்தினார்கள். கசோண்டே படம் எடுக்கக் கரை விளிம்புக்குப் போனான். புதருக்குள் ஒரு நீர்யானை மேடேறிப் படுத்திருந்ததை மாவுட்டோ கவனிக்கவில்லை. கவனித்தபோது அது எழுந்துவிட்டது. அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் கசோண்டே நின்றான்.

"டேய் குரங்குத்தின்னி, பின்னால வருதுடா, ஓடு."

பாழாய்ப்போன பழகிய வாய். கசோண்டே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மூணாவது தடவையும் ஏமாற நான் என்ன ங்கோனியா?"

நீர்யானை அவன் தொடையைக் கவ்வித் தூக்கி உதறியது. எலும்பு முறிந்த சத்தம் வண்டி வரைக்கும் கேட்டது. கீழே போட்டு வயிற்றில் மறுபடி கடித்தது. மாவுட்டோ ஜீப்பை அதன் விலாவிலேயே விட்டு மோதினான். அது கதவைக் கடித்துப் பிய்த்து எறிந்தது. பின்னால் எடுத்து இன்னொரு முறை மோதினான். அப்புறம்தான் ஆற்றில் இறங்கிப் போனது. கசோண்டேவின் வலது கால் தோலில் தொங்கியது.

முவேன்யா இடுப்புத் துணியைக் கிழித்துத் தொடையில் இறுக்கினாள். பின் இருக்கையில் ஏற்றிக் கிளம்பினார்கள். ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம்.

"கண்ண மூட விடாதீங்கண்ணே. ஏசுங்க. நீங்க ஏசுனா பதில் சொல்லாம இருக்க மாட்டாரு."

மாவுட்டோ அழுதுகொண்டே ஏசினான்.

"உங்க பாட்டனுக்கு வாலு இருந்துச்சுடா."

"உங்க பாட்டன்... எலிப் பொந்துல பொறந்தவன்."

"உன் ரத்தம் என் வண்டி பூரா நாறுது."

"கழுவுடா... அடிமை."

பள்ளங்களில் ஜீப் தூக்கிப் போட்டது. மாவுட்டோ வேகத்தைக் குறைக்கவில்லை.

"உன் சாவுக்கு நான் வரவே மாட்டேன், தெரிஞ்சுக்க."

இன்னும் கேவலமாக ஏசினான். தொண்டை கட்டும்வரை ஏசினான். பின் இருக்கையில் முவேன்யா கணவனின் கண்களை மூடிவிட்டு அவன் தலையை மடியில் சரியாக வைத்தாள்.

"போதும்ணே. அப்பவே பேரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா ஓடியிருப்பாரு."

அதை அவள் ஏச்சாகச் சொல்லவில்லை.