டோக்கன் இல்லாதவள்

அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் அறையில் டாக்டருக்கு அது நான்காவது வருடம். மனைவியும் ஏழு வயது மகளும் ஒரு பகல் ரயில் தூரத்தில் இருந்தார்கள். மாற்றல் கேட்டு எத்தனையோ மனு போட்டார். எல்லாம் கிணற்றில் போட்ட கல். இந்த வருடம் புது உத்தரவு வந்தது: மூன்று மாதத்தில் அதிக நோயாளிகளைப் பார்க்கும் டாக்டருக்குக் கேட்ட ஊர். டோக்கன்தான் கணக்கு.

முன்பெல்லாம் வயிற்றுவலி என்றால் படுக்க வைத்து அழுத்திப் பார்ப்பார். இப்போது நாக்கை நீட்டச் சொல்வதோடு சரி. சீட்டு கைமாறுவதற்குள் அடுத்த ஆள் ஸ்டூலில் இருப்பார்.

வாசலில் நின்று டோக்கன் கூப்பிடுவது ஆயாம்மா. அவள் குரல் மூன்று வராண்டா தாண்டும். மாற்றல் விஷயத்தில் அவரைவிட அவளுக்குத்தான் அவசரம்.

"பெரியவரே, நோயை மட்டும் சொல்லுங்க. மருமக கதையெல்லாம் வீட்ல வச்சுக்கலாம். சார் பாப்பாகிட்ட போகணும்."

கடைசி வாரம், புதன்கிழமை, ஆயாம்மா வலது கையை உதறிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"கை மரத்து மரத்துப் போகுது சார். தலை வேற கிர்ருங்குது."

"டோக்கன் போட்டீங்களா?" சிரித்தபடி கேட்டார்.

"நானே கூப்பிட்டு நானே உள்ள வரவா? கடைசியில பாருங்க, போதும்."

கடைசி ஆள் போனபோது மணி இரண்டு. டாக்டருக்குப் பசியில் கண் இருட்டியது.

"நாளைக்குப் பாக்கலாமா?"

"நான் எங்க ஓடிடப் போறேன்?"

வியாழக்கிழமை அவள் குரல் குழறியது. எண்பத்தொன்றை இரண்டு தரம் சொன்னாள். அவர் நிமிர்ந்தார். அதற்குள் ஸ்டூலில் ஆள் உட்கார்ந்தாயிற்று. குனிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை, கணக்கு முடியும் நாள். நூற்றுப் பதிமூன்றைக் கூப்பிட வாயைத் திறந்தவள் கதவோடு சரிந்தாள். பதறி ஓடிவந்து ரத்த அழுத்தம் பார்த்தார். கருவியின் முள் பார்க்கக்கூடாத இடத்தில் நின்றது.

திங்கட்கிழமை பட்டியல் வந்தது. அவர்தான் முதல்.

உத்தரவைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வார்டுக்குப் போனார். அவள் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. பேச்சு போய்விட்டது. இனி வராது என்று அவருக்குத் தெரியும். பக்கத்தில் அவள் கணவர், தையல்காரர், கழுத்தில் அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

நர்ஸ் கேஸ் ஷீட்டை நீட்டினாள்.

"இதுக்கு முன்னாடி எந்த டாக்டர் பாத்தாங்கன்னு எழுதணும் சார். அந்தக் கட்டம் காலியா இருக்கு."

"என்ன சிஸ்டர் இப்படிக் கேக்குறீங்க?" தையல்காரருக்குச் சுருக்கென்றது. "நாள் முழுக்க சார் பக்கத்துலயே நின்னவ. சார் பாக்காமலா இருந்திருப்பாரு?"

டாக்டர் பேனாவை வாங்கினார். 'மூன்று நாளும் என் வாசலில் நின்றார். நான் பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தையல்காரருக்குப் படிக்கத் தெரியாது. எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தவர் மனைவியின் காதருகே குனிந்தார்.

"நான் சொன்னேன்ல? சார்தான் பாத்திருக்காரு. எழுதிட்டாரு பாரு. நீ பயப்படாத."