கரட்டு உச்சி முக்கோணம்

மிளகாய் வற்றல் நிறக் கோடுகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு கரட்டின் மேல் ஏறுகின்றன, நானும் ஏறுகிறேன், விரலால் ஏறுகிறேனா காலால் ஏறுகிறேனா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, முன்னால் அண்ணன் பொங்கல் பானையைத் தோளில் வைத்துப் போகிறார், அவர் செத்துப் பல வருடம் ஆகிறது என்பது அவருக்கும் எனக்கும் தெரிந்தேதான் இருக்கிறது, மூச்சு வாங்குதாக்கும், கல்லாவுல உக்காந்தே தின்னா இப்படித்தான் என்கிறார், கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதளம், இந்தப் பழைய சர்வே வரைபடத்தை மதுரையில் ஒருவரிடம் பாதி விலைக்குப் பேசி வாங்கிய அன்றே அதைக் கற்றுக்கொண்டேன், அவர் சொன்ன முதல் விலைக்கு நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன், எங்கள் பஜாரில் பால்குடி மறந்த பிள்ளைக்கே தெரிந்த வித்தை.

வாங்கியது பூர்வீக ஊரைத் தேடி, வாந்திபேதியில் காலியாகிப்போன ஊர், பெயர் மட்டும் எங்கள் வாயில் மிஞ்சியிருந்தது, வரைபடத்தில் அது கடுகளவு எழுத்தில் இருந்தது, பக்கத்திலே நீலமாய்க் கண்மாய், கிணறு, ஒற்றையடிப் பாதை, வெயிலில் அளவுச் சங்கிலி பிடித்து நடந்து இதை வரைந்த மனிதர் எதையும் விடவில்லை, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது, கண்மாய்க் கரையில் கோயில் குறி ஒன்றும் போட்டிருந்தார், அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, அந்தக் கரை இன்றைக்குக் கீழவீட்டு ரத்தினவேலின் புஞ்சை, நாங்கள் குலதெய்வம் என்று கும்பிடும் கரட்டு உச்சியிலோ கோயில் இல்லை, ஒரு முக்கோணம், நடுவில் புள்ளி, பக்கத்தில் உயரம், அளந்தவர்கள் நட்ட கல். இத்தனை வருடமாய்ச் சர்வேக்கல்லுக்குக் கிடா வெட்டியிருக்கிறோம்.

மேலவீடான நாங்களும் பங்காளிகளான கீழவீட்டாரும், காலியான ஊரின் அம்மன் எங்கள் நிலத்தில்தான் இருந்தாள் என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்து, சாவுக்குக்கூடப் போகாமல் கிடந்த காலம், அப்போதுதான் வத்தல் வியாபாரி மகள் சீனித்தாய் அண்ணனுக்கு வாக்கப்பட்டு வந்தார், மறு வருடம் கனவில் அம்மன் வந்து கரட்டைக் காட்டினாள் என்றார், போய்ப் பார்த்தால் கல், கல்லில் முக்கோணம், பொட்டு, இரண்டு வீடும் ஒன்றாய் விழுந்து கும்பிட்டது, அன்றைக்குப் பேச ஆரம்பித்தவர்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.

நானோ வாய் சும்மா இராமல் சிவராத்திரிக்கு வரைபடத்தை விரித்துக் காட்டுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன், விரித்தால் அம்மன் ரத்தினவேலின் புஞ்சைக்குப் போய்விடுவாள், பின்னாலேயே பழைய சண்டையும் வந்துவிடும், இதோ சிவராத்திரியும் வந்தாயிற்று, உச்சியில் பானை பொங்குகிறது, மதினியைக் கல்லுக்குப் பின்னால் கூட்டிப்போய் வரைபடத்தைக் காட்டுகிறேன், தலை நரைத்துவிட்டது, பார்வை மட்டும் வத்தலில் ஈரத்தைக் கண்டுபிடிக்கிற அதே பார்வை, ஏன் மதினி, நெசமாவே கனவு வந்துச்சா என்று கேட்கிறேன், மதினி வெற்றிலையை ஒதுக்கிக்கொள்கிறார். ரெண்டு பேரும் ஒரே மூட்டைக்கு அடிச்சுக்கிட்டா அதத் தூக்கி மூணாங்கடையில வைக்கணும் கொழுந்தனாரே, இந்தக் கரடு ஒங்க தாத்தனுதா, அவுக தாத்தனுதா. அப்போ ஒங்களுக்குத் தெரியும் என்கிறேன். கல்லு கல்லுதான்னு அன்னைக்கே தெரியும், அது முன்னாடி ஒங்க அண்ணனும் ரத்தினவேலு அப்பாவும் கட்டிப்பிடிச்சு அழுதாக பாருங்க, அப்பத்தான் எனக்கே பயம் வந்துருச்சு, அன்னையிலிருந்து நெசமாத்தான் கும்பிடுதேன்.

எங்கள் பஜாரில் எத்தனையோ கில்லாடிகளைப் பார்த்திருக்கிறேன், நஷ்டப்பட்டவன் ஒருவன்கூட இல்லாத பேரத்தை இங்கேதான் பார்க்கிறேன், அண்ணன் பானையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், இல்லை, அது ரத்தினவேல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருகிறார், படம் கொண்டாந்துருக்கீகளாமே, அதுல நம்ம சாமி எங்க இருக்கு அண்ணாச்சி என்கிறார்.

மதினி தாளை என் கையிலிருந்து வாங்கி அவருக்கு நேரே பிடித்தார், குங்குமம் தோய்ந்த வலதுகை விரலை முக்கோணத்தின் மேல் வைத்து, இந்தா இருக்காள்ல, அளந்தவுகளே பொட்டு வச்சுத்தான் போட்டுருக்காக என்றார், ரத்தினவேல் குனிந்து தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், மதினியின் இடது கட்டைவிரல் கண்மாய்க் கரைக் கோயில் குறியின் மேல் அழுத்தமாக உட்கார்ந்திருந்தது, தாளை மடித்து முடிக்கும்வரை எடுக்கவேயில்லை.