கம்பத்துக்கு ஒரு சொம்பு

அய்யாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, தலைமாட்டில் கிடந்த அவருடைய செல்போன் சிணுங்கியது. அவரைப் பார்த்துக்கொள்ளப் புகுந்த வீட்டிலிருந்து வந்திருந்த மகள் முத்துசெல்வி எடுத்துப் பார்த்தாள். ‘நிலத்தில் ஈரம் இல்லை. கவனிக்கவும்.’

அய்யாவின் புஞ்சைக் காட்டில் நிற்கிற பெட்டி அனுப்பியது. கம்பத்தின் உச்சியில் வெள்ளைப் பெட்டி, உள்ளே பேட்டரி, அடியில் மண்ணுக்குள் ஒரு கம்பி. வயரே கிடையாது. கரிசலின் ஈரத்தைக் காற்று வழியாகச் சென்னைக்குச் சொல்லும். சென்னை அதை அய்யாவுக்குத் திருப்பிச் சொல்லும். கூப்பிடு தூரத்துக் காட்டைப் பற்றி அய்யா சோலைமுத்து சென்னை வழியாகத்தான் அறிய வேண்டும் என்பது திட்டம்.

முத்துசெல்விக்கு வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. படுக்கையில் விழுந்ததிலிருந்து அய்யா விடிந்ததும் கேட்டது ஒன்றுதான்: “ஏட்டி, தண்ணி ஊத்துனியா?” ஸ்பூனில் எடுத்து வாயருகே கொண்டுபோவாள். முகத்தைத் திருப்பிக்கொள்வார். கடைசியில் பால் ஊற்றியபோதும் அப்படித்தான். கேட்டது கிடைக்காமலே போய்விட்டாரோ?

வாசலில் கார் வந்து நின்றது. திட்ட அலுவலர் நந்தகோபால், கேமராக்காரர் சகிதம் இறங்கினார். கையில் மலர்வளையம். அதில் அய்யாவின் பெயரைவிடத் திட்டத்தின் பெயர் பெரிதாக இருந்தது.

“வட்டாரமே வெடிச்சுக் கெடந்தப்பவும் இவர் நிலத்துல மட்டும் ஈரம் குறையவே இல்ல. மரபும் அறிவியலும் கைகோத்த நிலம் இது! கருத்தரங்கு கருத்தரங்கா நான் வாசிச்சிருக்கேன்” என்று பந்தலுக்கு அறிவித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “கொஞ்ச நாளா மட்டும் ரீடிங் விழுந்துபோச்சேம்மா, என்ன ஆச்சு?”

“அய்யா படுத்துட்டாவ.”

“அதுக்கும் மண்ணுக்கும் என்னம்மா?”

பக்கத்து வீட்டு சுடலையம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: “அண்ணன் தண்ணி ஊத்தலேல்லா, பெறகு எப்படி இருக்கும்? ஈரமில்லன்னு செல்லுல வந்தா, ‘பய தாகத்துல கத்துதான்’ம்பாவ. தெனமும் விடிஞ்சதும் அந்தக் கம்பத்து மூட்டுல ஒரு சொம்பு ஊத்திட்டுத்தான் காப்பியே குடிப்பாவ. ‘நெழலுக்கு ஒதுங்கக்கூடத் தெரியாதவன், பாவம்’னு.”

அழுதுகொண்டிருந்த பெண்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டு, அதை அவசரமாக அழுகையாக்கிக்கொண்டார்கள். நந்தகோபால் மலர்வளையத்தை முகம் மறையும் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கேமராக்காரர் லென்ஸை மூடினார்.

முத்துசெல்வி அய்யாவின் மூடிய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செல்போனை இடுப்பில் செருகிக்கொண்டு, அய்யாவைக் குளிப்பாட்டும் நீர்மாலைத் தண்ணீருக்குக் குடத்தை எடுத்தாள்.

ஊருணியில் நிறைத்து, தலைக்கு மேல் வேட்டியை விரித்துப் பிடித்து, கொட்டு முழங்கத் திரும்பும் வழியில்தான் அய்யாவின் காடு. அவள் வேட்டி நிழலை விட்டு விலகி வரப்பில் இறங்கினாள்.

“ஏட்டி, எங்க போற?” சுடலையம்மாள் பதறினாள். “நீர்மாலைத் தண்ணி அய்யாவுக்குள்ளது. வழியில சிந்தக் கூடாதுட்டி!”

“அய்யாவுக்குத்தான் அத்தே.”

கம்பத்தடியில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. குடத்தைச் சாய்த்தாள். கரிசல் மடமடவென்று குடித்தது. கொட்டுக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

வீட்டில், மிச்சத் தண்ணீரை அய்யாவின் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தபோது இடுப்பில் செல்போன் சிணுங்கியது. ஈரக் கையோடு எடுத்துப் பார்த்தாள்.

‘ஈரம் போதுமானது.’

பழையபடி அதை அவர் தலைமாட்டில் வைத்துவிட்டு, அய்யாவின் காது மடலில் தங்கியிருந்த தண்ணீரை முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.