மெத்தைக் கடைப் பள்ளியின் போர்டு

வெர்லீன் டப்ஸ் ஒரு பள்ளிக்கூடத்தை நிர்வகிக்கும் ஐந்து பேர் குழுவில், அதாவது போர்டில், இருப்பது, அவள் வரவேற்பில் உட்காரும் பல் மருத்துவமனையில் யாருக்கும் தெரியாது. அவளுக்கே அது பெரிய விஷயமாகப் பட்டதில்லை. சில வருஷங்களுக்கு முன்பு ஆராதனை முடிந்து கார் பக்கம் போனவளை ரோலண்ட் பீச்சம் பிடித்துக்கொண்டார். டெட்ராய்ட்டின் கிழக்குப் பக்கத்தில், மூடிப்போன மெத்தைக் கடையில் அவர் ஒரு சார்ட்டர் பள்ளி தொடங்கியிருந்தார். அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி. ஆனால் நகரத்துப் பள்ளித் துறைக்குக் கட்டுப்பட்டதல்ல.

"மாசத்துல ஒரு சாயங்காலம் வந்து உக்காந்தா போதும் சிஸ்டர். நம்ம சனங்க நாலு பேரு இருந்தா எனக்கு ஒரு தைரியம்."

போனாள். பீச்சம் எதையாவது வாசிப்பார். "ஆதரிக்கிறவங்க?" என்பார். ஐந்து பேரும் "ஆமா" என்பார்கள். பிறகு சாண்ட்விச் வரும். பீச்சம் சுவரில் ஒரு வரைபடம் காட்டுவார். பிள்ளைகளின் எண்ணிக்கைக் கோடு ஒவ்வொரு முறையும் இன்னும் மேலே ஏறியிருக்கும். எல்லோரும் கைதட்டுவார்கள். வெர்லீன் கொஞ்சம் பலமாகவே தட்டுவாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் தங்கை வேலையில் மாட்டிக்கொண்டதால், அங்கேயே படிக்கும் தங்கை மகள் கெசாயாவை அழைத்துவர வெர்லீன் போனாள். பள்ளி நடக்கும் நேரத்தில் அவள் உள்ளே நுழைந்தது அதுதான் முதல் தடவை. ஒரே ஹாலின் நடுவே புத்தக அலமாரிகளை நிறுத்தி, இந்தப் பக்கம் ஒரு டீச்சர் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பாட்டு. நடைபாதைத் தரையில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பீட்சா தின்றுகொண்டிருந்தார்கள்.

"பெரியம்மா, எங்க மிஸ்ஸுக்கு என் பேரு தெரியாது. ஏய் பிங்க் ஸ்வெட்டர்னுதான் கூப்பிடுவாங்க," என்றாள் கெசாயா. "நாளைக்கு வேற கலர் போட்டுட்டுப் போனா என்ன பண்ணுவாங்க?"

வெர்லீன் நேரே பீச்சமிடம் போனாள். "இதெல்லாம் யாரும் வந்து பாக்க மாட்டாங்களா?"

"பாக்காம என்ன? நமக்கு அனுமதி குடுத்த பல்கலைக்கழகத்துலேந்து ஆள் வராங்க. அடுத்த மீட்டிங்குக்குக்கூட வராங்க."

அவளுக்கு மூச்சு வந்தது. மீட்டிங்குக்கு வந்தவன் பெட்ராஸ்கி என்ற ஒல்லிப் பையன். ஷூவெல்லாம் பனி ஈரம். காப்பி ஊற்றும் இடத்தில் அவனை மடக்கினாள்.

"நல்லவேளை வந்தீங்க தம்பி. ஒரே ஹால்ல ரெண்டு கிளாஸ் நடக்குது. என்ன செய்யப் போறீங்க?"

"நானும் பாத்தேன் மேடம். அதைத்தான் கேக்க வந்தேன். நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"நானா? நான் பல் ஆஸ்பத்திரியில இருக்கேன்."

"போர்டு மெம்பர்தானே?"

"ஆமா. ஆனா ஸ்கூலைப் பாத்துக்கறது நீங்கதானே?"

"இல்ல மேடம். ஸ்கூலைப் பாத்துக்கறது போர்டு. போர்டு ஒழுங்கா பாத்துக்குதான்னு பாக்கறதுதான் நாங்க."

"அப்ப மிஸ்டர் பீச்சம்?"

"அவரு உங்களுக்குக் கீழ வேலை பாக்கறவரு."

வெர்லீன் திரும்பிப் பார்த்தாள். நாற்காலிகளை எங்கே போடுவது என்று பீச்சம் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். சர்ச்சில் முதல் வரிசையில் உட்காருகிற மனுஷன். அவர் எனக்குக் கீழேயா?

அன்றைய கூட்டத்தில் வரப்போகும் செப்டம்பரில் இன்னும் நூற்றைம்பது பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று பீச்சம் வாசித்தார்.

"எங்க உக்கார வைப்பீங்க?" என்றாள் வெர்லீன்.

"பிள்ளைங்க வந்தாத்தான் பணம் வரும் சிஸ்டர். பணம் வந்தாத்தான் இடம் வரும்."

கேட்டபோது சரியாகத்தான் இருந்தது. மறுபடி நினைத்துப் பார்த்தால் சரியாக இல்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த இன்னொரு மெம்பர், டயர் கடை கிளீட்டஸ், தொண்டையைச் செருமினான். "ஒரு சந்தேகம். நாம வேணாம்னு சொல்லலாமா? சொன்னா ஒண்ணும் ஆயிடாதே?"

எல்லோரும் மேசைக் கோடியில் இருந்த பள்ளியின் வக்கீலைப் பார்த்தார்கள். அவர் போனிலிருந்து கண்ணை எடுத்து, "சொல்லலாம்" என்றார்.

இரண்டு பேர் ஆமா என்றார்கள். வெர்லீனும் கிளீட்டஸும் வேண்டாம் என்றார்கள். ஐந்தாவதாக இருந்த பாதிரியார் மனைவி, "எனக்கு ஒண்ணுமே புரியல, என்னை விட்டுடுங்க" என்றாள். சமமாக வந்தால் தீர்மானம் தோற்றதாகத்தான் அர்த்தம் என்றார் வக்கீல். பெட்ராஸ்கி வெர்லீனைப் பார்த்துத் தலையசைத்தான். அது பாராட்டா, இல்லை சும்மாவா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெளியே காரருகில் டெனிட்ரா நின்றிருந்தாள். சர்ச்சில் பழக்கம்; கூட்டத்தின்போது கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள்.

"என் பொண்ணு இங்க இடத்துக்காக ரெண்டு வருஷமா காத்திருக்கா. இப்ப இருக்கிற ஸ்கூல்ல அவள பாத்ரூம்ல வெச்சு அடிக்கிறாங்கக்கா. இங்க தரையில உக்காந்து தின்னாலும் நிம்மதியாத் திம்பா. நீ பாட்டுக்கு வேணாம்னுட்டியே!"

சரியாகச் செய்தோம் என்று ஒரு நிமிஷம் முன்புவரை வெர்லீன் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பீச்சமின் அறைக்குப் போனாள். "நான் உங்களுக்கு மேலயாமே," என்றாள். "எனக்கே நேத்துதான் தெரியும்."

பீச்சம் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "கோவமா இருக்கேன் சிஸ்டர்."

"இருங்க. கோட்டு மாட்டிக்கிட்டு வாங்க, இடம் தேடலாம்."

வாரக்கணக்கில் இருவரும் அலைந்தார்கள். ஒரு கட்டடத்தில் கூரை ஒழுகியது; இன்னொன்றில் தீயணைப்புத் துறை தலையாட்ட மறுத்தது. கடைசியில் சர்ச்சின் கீழ்த்தளம் கிடைத்தது. பள்ளியின் இரண்டு வகுப்புகளை அங்கே மாற்றினால், நாற்பது புதுப் பிள்ளைகளுக்கு இடம் வரும். இந்தமுறை ஐந்து பேருமே ஆமா என்றார்கள், பாதிரியார் மனைவியும் சேர்த்து. இடத்தைவிடக் காத்திருந்தவர்கள் அதிகம் என்பதால், சட்டப்படி குலுக்கல் நடந்தது. டெனிட்ராவின் மகளுக்கு விழவில்லை.

அதைத் தானே சொல்லிவிடலாம் என்று வெர்லீன் போன் செய்தாள்.

"சரி, இப்ப நான் யார்கிட்டப் போய்க் கேக்கணும்?" என்றாள் டெனிட்ரா.

"என்கிட்டதான்," என்றாள் வெர்லீன்.

அவள் போனை வைக்கவில்லை. டெனிட்ராவும் வைக்கவில்லை.