சாக்பீஸ் கோடு

இருதயமேரி ரப்பர் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு, புருஷனைக் குளிப்பாட்டச் சொம்பை எடுத்தாள். விடியற்காலையில் ராயப்பன் போய்ச் சேர்ந்திருந்தார்.

“இன்னாத்துக்குப் பெரியம்மா கிளவுஸு?” என்றாள் கொழுந்தன் மகள் சங்கவி. விழுப்புரத்தில் நர்ஸ். சேதி கேட்டு முதல் பஸ்ஸில் திண்டிவனம் வந்தவள்.

“ஒடம்புல கதிர் இருக்குதே. மூணு மாசம் தொடக்கூடாதாம். இன்னைக்கு அம்பத்திரண்டு நாள்தானே ஆவுது.”

புராஸ்டேட் புற்றுக்குச் சென்னையில் போட்ட ஊசி அது. லுட்டீசியம் என்று ஓர் உலோகம். கட்டி இருக்குமிடம் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு கதிர்வீச்சால் எரிக்குமாம். டாக்டர் சொன்னதை மகன் ஆண்டோதான் அம்மாவிடம் வந்து சொன்னான். அப்பாவின் அறை வாசலில் சாக்பீஸால் கோடும் கிழித்தான். சாமியார் பிரசங்கத்திலேயே கண்ணயர்ந்துவிடுகிற இருதயமேரி, மகன் பேச்சை அட்சரம் பிசகாமல் கேட்டாள். சோற்றுத் தட்டைக் கம்பால் உள்ளே தள்ளினாள். கோடு அழிய அழிய அவளே திரும்பக் கிழித்தாள்.

போன வெள்ளிக்கிழமை ராயப்பன், “கையக் கொஞ்சம் புடியேன் மேரி” என்று கேட்டார்.

“இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க.”

அவர் ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சங்கவி ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து இரண்டு தடவை படித்தாள். “ஏழு நாள்னுதான் போட்டிருக்குது, பெரியம்மா. மாசமா இருக்கறவங்களுக்குத்தான் கூடக் கொஞ்ச நாள்.”

ஆண்டோ புது வேட்டியுடன் உள்ளே வந்தான். சங்கவி கையில் ஃபைலைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

“உம் மருமவ வெனிலா முழுவாம இருக்கறாளேம்மா. நீ அப்பாவத் தொட்டுட்டு வந்து அவளையும் தொடுவ. பயமா இருந்திச்சு.”

“ஏழு நாளுன்னு அவருக்குத் தெரியுமா?”

ஆண்டோ தலையைக் குனிந்துகொண்டான். “டாக்டர் அவருகிட்டயும் சொன்னாரு.”

பெண்டாட்டி தன்னை ஒதுக்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே போயிருக்கிறார் மனுஷன். பெற்ற பிள்ளை அவளைக் கருவியாக வைத்து அதைச் செய்திருக்கிறான்.

அவள் கையுறைகளைக் கழற்றி எறிந்தாள். அப்பாவின் தலையைத் தூக்கிப் பிடிக்க ஆண்டோ கிட்டே வந்தான்.

“கோட்டுக்கு அந்தாண்ட நில்லு.”

“அம்மா…”

“நில்லுடா.”

அவன் பின்வாங்கி வாசலில் நின்றான். இருதயமேரி சொம்பைக் கீழே வைத்தாள். விறைக்கத் தொடங்கியிருந்த ராயப்பனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நடுவே தன் கையை வைத்து மூடிக்கொண்டாள்.