லைட்டம்மாவின் மாமனார்

அந்த ஆராய்ச்சி வளாகத்தில் அவளுக்கு லைட்டம்மா என்று பெயர். அவளுடைய அறை வாசலில் 'பசுமைத் திட்ட மேலாளர்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். அதை யாரும் சட்டை செய்யவில்லை. வேலையில் சேர்ந்த சூட்டோடு சூடாக, எல்லா அறைகளின் கூரையிலும் சென்சார் என்று ஒரு வெள்ளைக் குமிழைப் பொருத்த வைத்தாள். கீழே அசைவு இருந்தால் விளக்கு எரியும், ஏசி ஓடும். பத்து நிமிடம் அசைவே இல்லையென்றால் இரண்டும் நின்றுவிடும். ஆராய்ச்சி என்பதே பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் என்று அந்தக் குமிழுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

விளைவு, பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்கள் எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஈ ஓட்டுகிற மாதிரி தலைக்கு மேல் கையை வீசிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தின் நடுவில் இருட்டிவிட்டால் முறை வைத்து ஒருவர் எழுந்து குதித்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு புத்திசாலி, தலையாட்டும் பொம்மை ஒன்றை வாங்கி மேசையில் வைத்து நாளெல்லாம் வெளிச்சத்தில் இருந்தார். லைட்டம்மா போய் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

அவள் கை வைத்தது விளக்கில் மட்டுமில்லை. புல்தரைக்குத் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தினாள், அது பழுத்துப்போனது. காகிதக் கோப்பைகளை ஒழித்தாள். வீட்டிலிருந்து கோப்பை கொண்டுவர மறந்தவர்கள் காபி இல்லாமல் உர்ரென்று திரிந்தார்கள். ரசாயனக் கூடங்களில் புகை உறிஞ்சும் பெட்டிகளின் கண்ணாடிக் கதவைத் திறந்தே போட்டிருந்தவர்கள் பின்னாலேயே போய் மூட வைத்தாள். வெயில் உள்ளே வராதபடி ஜன்னல்களுக்குத் தடித்த திரை போட்டாள். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டவர்கள்கூட விளக்கு விஷயத்தில் அவளைக் கரித்துக் கொட்டினார்கள். நின்றால் புகார், உட்கார்ந்தால் புகார்.

புகார் சொல்லாதவர் ஒரே ஒருவர். அவர் அவளுடைய மாமனார்.

மருமகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலிருந்தே அவர் அங்கே வேலை பார்க்கிறார். கணக்கு சார் என்றால்தான் தெரியும். கம்பெனி பெரிய பெரிய பேட்டரிகள் செய்கிற கம்பெனி. பேட்டரிக்குள் இருக்கும் சின்னச் சின்ன உருளைகளை எப்படி அடுக்கினால் நடுவில் சூடு தேங்காது என்பதுதான் அவருடைய கணக்கு. கேட்டால் சுலபமாகத்தான் இருக்கும். அவர் தலைமுடி கறுப்பாக இருந்தபோது ஆரம்பித்த கணக்கு அது.

"ஊரே என்னைத் திட்டுது அத்தை. மாமா மட்டும் ஒரு வார்த்தை சொல்லலை," என்று மருமகள் வீட்டில் பெருமையடித்துக்கொண்டாள். மருமகள் மேல் உள்ள பாசம் என்றுதான் அவள் நினைத்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

"அவர் எங்கம்மா வாயைத் திறக்கிறாரு?" என்றார் மாமியார். "பாத்ரூமுக்குப் போனா தாழ்ப்பாள் போடறதில்லை. கதவைத் தட்டினா, உள்ள ஆள் இருக்குன்னு ஒரு குரல் குடுக்கறதில்லை. நேத்து உன் புருஷன் நேரா உள்ள போயிட்டான். ரெண்டு பேரும் திருதிருன்னு முழிச்சுக்கிட்டு நிக்கறாங்க."

"கணக்கு ஞாபகமா இருப்பார்."

"அதான். முடியற நேரம். இந்த நேரத்துல நாம எதுவும் கேக்கக் கூடாது." மாமியார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கணக்கு முடியப் போகிறது என்று தன் தங்கைகள், நாத்தனார், பக்கத்து வீடு என்று எல்லோரிடமும் அவர் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, கணவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவதில் அந்த அம்மாளுக்கு நிகர் அந்த அம்மாள்தான்.

வம்பு ஒரு திரை வடிவில் வந்தது. அதுவும் மருமகளின் யோசனைதான். வரவேற்பறைச் சுவரில் வளாகம் முழுவதையும் படமாகக் காட்டும் பெரிய திரை ஒன்றை மாட்டினாள். ஆள் இருக்கும் அறை பச்சையாகத் தெரியும், இல்லாத அறை சாம்பல் நிறத்தில் இருக்கும். எந்நேரமும் சாம்பலாகவே இருந்த அறைகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அங்கிருந்தவர்களைக் கீழே பொதுக் கூடத்துக்கு மாற்றினார்கள். அப்படித்தான் பழைய கட்டடத்தின் மேல்மாடி காலியாகிக்கொண்டே வந்தது. மூட்டை கட்டியவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் சுவரில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறதை மறுத்துப் பேச முடியவில்லை.

கடைசியில் மேல்மாடியில் மிஞ்சியது கணக்கு சாரின் அறை மட்டும்தான். அதுவும் சாம்பல்தான். மாமனார் அறை என்பதால் மருமகள் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். அறைக்குள் ஏசி நின்றாலும், அந்த ஒரு அறைக்காக மொட்டைமாடியில் பஸ் அளவு இருந்த ஏசி இயந்திரம் பகலெல்லாம் உறுமிக்கொண்டிருந்தது. மாடியைப் பூட்டினால்தான் அதை நிறுத்த முடியும். அதை நிறுத்தினால்தான், மின்சாரச் செலவைக் குறைப்பதாக வெளி உலகத்துக்குக் கம்பெனி கொடுத்த வாக்கு நிறைவேறும். மற்றதெல்லாம் சில்லறை.

இயக்குநர் அவளைக் கூப்பிட்டார். "கணக்கு சார் ரூம் எப்பப் பார்த்தாலும் சாம்பலாவே இருக்கே. அவர் வர்றாரா, இல்லையா?"

"தினம் வர்றார் சார். காலையில என் கார்லதான் வர்றார். சாயந்தரம் என் கார்லதான் திரும்பறார்."

"நடுவுல?"

நடுவில் என்ன செய்கிறீர்கள் என்று எந்த மருமகள் மாமனாரைக் கேட்பாள்? "யோசிச்சுக்கிட்டு உக்காந்திருப்பார் சார். பிடிச்சு வெச்ச பிள்ளையார் மாதிரி. அவர் இருக்கறது சென்சாருக்குத் தெரியலை."

"அப்ப சென்சார் தப்பு," என்றார் இயக்குநர். "சென்சார் தப்புன்னா, அதை நம்பி நாம ரூமைப் பிடுங்கினவங்க அத்தனை பேரும் நாளைக்கு என் வாசல்ல வந்து நிப்பாங்க. சென்சார் சரின்னா, உங்க மாமனார் வேலைக்கே வரலைன்னு அர்த்தம். ரெண்டுல எதுன்னு நாளைக்கு வந்து சொல்லுங்க."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று அவளுக்கு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. மாமனாரைக் காப்பாற்றினால் இத்தனை நாள் திட்டு வாங்கிச் செய்த வேலை மண்ணாகிவிடும். வேலையைக் காப்பாற்றினால் மாமனார் தலைகுனிய வேண்டும். அப்புறம் எந்த முகத்தோடு அத்தை முன்னால் நிற்பது?

எலக்ட்ரீஷியனை அழைத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போனாள். மாமனாரின் அறைக்குப் பக்கத்து அறை காலியாக இருந்தது. இரண்டு அறையிலும் இருந்தது ஒரே மாதிரி சென்சார்தான்.

"என் வேலையில குறை கண்டுபிடிச்சா என் பேரை மாத்திக்கறேன் மேடம்," என்றார் எலக்ட்ரீஷியன். ஆளுக்கு வாய் அதிகம்.

"நீங்க வெளியில நில்லுங்க. நான் உக்காந்து பாக்கறேன்."

அவள் ஒரு காகிதத்தை எடுத்து எழுதிக்கொண்டிருந்தாள். விளக்கு அணையவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு வெறுமனே பக்கத்தைப் புரட்டினாள். அணையவில்லை. மூக்கைச் சொறிந்தாள், காலை மாற்றிப் போட்டாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். எதற்கும் சென்சார் ஏமாறவில்லை. பிறகு அணைத்துத்தான் பார்ப்போமே என்று அசையாமல் உட்கார்ந்தாள். முடியவில்லை. கழுத்து அரித்தது, கொட்டாவி வந்தது, கை தானாகப் போனைத் தேடியது. பத்து நிமிடம் ஒன்றுமே செய்யாமல் இருப்பது எத்தனை பெரிய வேலை என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"சொன்னேன்ல?" என்று கதவுக்கு வெளியிலிருந்து எலக்ட்ரீஷியன் கேட்டார். அவரைக் கீழே அனுப்பிவிட்டு அவள் நடையில் நின்றாள்.

கணக்குப் போடுகிறவன் எழுதுவான், அடிப்பான், எழுந்து நடப்பான். வளாகத்தில் இருக்கிற சோம்பேறிகூட விளக்கு அணைந்தால் கையை வீசுகிறான். மாமா ஏன் ஒரு நாள்கூட வீசவில்லை? ஏன் ஒரு நாள்கூடப் புகார் சொல்லவில்லை? பாசம் என்று அவள் வீட்டில் பீற்றிக்கொண்டதை நினைத்ததும் அவளுக்குக் காது சூடானது.

கதவைத் திறந்தாள். உள்ளே கும்மிருட்டு. அவள் காலெடுத்து வைத்ததும் விளக்கு எரிந்தது. மாமனார் மேசை மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. ஒரு ஓரமாக மாமியார் கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பெட்டி, பை முடிச்சுக்கூட அவிழ்க்காமல் இருந்தது.

"வாம்மா. கிளம்பற நேரமாச்சா?"

"நேரம் இருக்கு மாமா. ஏன் இருட்டுல உக்காந்திருக்கீங்க?"

அவர் மேலே அண்ணாந்து விளக்கைப் பார்த்தார். "இருட்டாவா இருந்தது?" என்று கேட்டார்.

விளையாட்டாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. அவள் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கணக்கு எதுவரைக்கும் வந்திருக்கு மாமா?"

"முடிஞ்சிருச்சும்மா."

"முடிஞ்சிருச்சா? அத்தைகிட்ட..."

"நான் முடிக்கலை," என்றார் மாமனார். "வேற எங்கயோ ஒரு பொண்ணு முடிச்சிட்டா. உன் வயசுதான் இருக்கும். போன வருஷமே எழுதிட்டா. மூணே பக்கம். நான் போன வழிக்கே அவ வரலை. அது வழியே இல்லைன்னு முதல் பக்கத்துலயே சொல்லிட்டா. படிச்சேன். அவ்வளவு அழகா இருந்தது."

"எங்ககிட்ட ஏன் மாமா சொல்லலை?"

"சொல்லணும்னுதான் தினம் கார்ல ஏறுவேன். நீ இன்னிக்கு எத்தனை லைட்டை அணைச்சேன்னு சொல்லிக்கிட்டே வருவே. வீடு வந்துரும். வீட்டுக்குள்ள போனா உன் அத்தை, யாரும் சத்தம் போடாதீங்க, அவர் யோசிக்கிறாருன்னு டிவியை அணைப்பா." அவர் சிரிக்க முயன்றார். "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எல்லாத்தையும் அணைச்சிட்டீங்க."

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மூன்று பக்கத்தில் முடித்த அந்தப் பெண் மேல் வந்தது, சாப்பாட்டுப் பெட்டி மேல் வந்தது, தினமும் காலையிலும் மாலையிலும் பக்கத்து இருக்கையில் இருந்தவரை ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்காமல் ஓட்டிய தன் மேலும் வந்தது. கோபம் அடங்கியதும், தான் வந்த காரியத்தைச் சொன்னாள். இயக்குநர் கேட்டதையும் நாளைக்குள் பதில் சொல்ல வேண்டியதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"இந்த ரூம் சென்சாரை மட்டும் கொஞ்சம் மாத்தி வெச்சிடறேன் மாமா," என்றாள் கடைசியில். "எப்பவும் பச்சையா காட்டும். யாருக்கும் தெரியாது."

சொல்வது தான்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு பொம்மைக்காக ஒருவரோடு சண்டை போட்டவள் அவள்.

"எதுக்கு? ஆள் இல்லைன்னுதானே காட்டுது? சரியாத்தான் காட்டுது." மாமனார் மேசையை உள்ளங்கையால் தடவினார். "ரூமைப் பூட்டிடும்மா. எனக்காக மாடியில அவ்வளவு பெரிய மெஷின் ஓட வேண்டாம். நான் இறங்கி வந்துடறேன்."

"கீழ எல்லார் நடுவுலயும் உக்காரணும் மாமா. என்ன செய்யறீங்கன்னு பாப்பாங்க. கேப்பாங்க."

"தெரியும். அதுக்குத்தான் பயமா இருக்கு," என்றார். இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை அவள் கேட்டதில்லை.

"அத்தைகிட்ட நீங்க சொல்றீங்களா? நான் சொல்லவா?"

மனைவி ஏற்கெனவே சொல்லி வைத்த தங்கைகளையும் நாத்தனாரையும் பக்கத்து வீட்டையும் அவர் வரிசையாக நினைத்துப் பார்க்கிறார் போலிருந்தது. இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். சற்று முன் எத்தனை முயன்றும் அசையாமல் இருக்க முடியாதவள், இப்போது அசைய மறந்துபோனாள். விளக்கு அணைந்தது. ஏசியின் முனகல் நின்றது. கீழே வரவேற்பறைச் சுவரில் இந்நேரம் மேல்மாடி முழுவதும் ஒரே சாம்பலாகியிருக்கும்.

வேலை நேரம் முடிந்ததும் காவலர் திரையைப் பார்ப்பார். ஆள் இல்லாத மாடிக்கு ஏறி, ஒரு குரல் கொடுத்துவிட்டு, மெயின் சுவிட்சை இறக்கிக் கதவைப் பூட்டுவார். அதுவும் லைட்டம்மா போட்ட உத்தரவுதான். படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது. சாவிக்கொத்து குலுங்கியது.

"உள்ள ஆள் இருக்கா?"

பதில் வரும் என்று எதிர்பார்க்காமல் கேட்கிற கேள்வி அது. பூட்ஸ் சத்தம் நிற்காமல் சுவிட்ச் பக்கம் போனது. மருமகள் குரல் கொடுக்க வாயைத் திறந்தாள்.

"ஆள் இருக்கு!"

அவள் குரல் இல்லை அது. அந்தக் குரல் அத்தனை உரக்க ஒலித்து அவள் கேட்டதே இல்லை. அறை பளிச்சென்று வெளிச்சமாகியது.

"மன்னிச்சுக்குங்க சார்," என்று நடையிலிருந்து காவலர் பதறினார். "திரையில காலின்னு காட்டுச்சு."

"அது மேல தப்பில்லப்பா. இதோ இறங்கிடறோம்." மாமனார் சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். "உன் அத்தைகிட்ட நானே சொல்லிக்கறேன். நீ கார்ல எதையாவது ஆரம்பிச்சுடாதே."

மருமகள் அண்ணாந்து விளக்கைப் பார்த்தாள். குரல் கேட்டு எரிகிற விளக்கு இல்லை அது. சொல்லும்போதே அவர் எழுந்து நின்றிருந்தார்.