எட்டு மணி நேர வித்தியாசம்

பீடோர் பக்கத்துப் பழைய தோட்டக் குடியிருப்பில் நாற்பது வீடுகளுக்கான மனை வரைபடத்தை ஈப்போ அலுவலகத்தில் வரைந்தவள் தினேஸ்வரி. பழைய படத்தில் விட்டுப்போயிருந்த ஆறு வீடுகளைச் சேர்த்து, அன்று பிற்பகல் கூடும் நில விசாரணைக் குழுவின் இணையக் கோப்புறைக்குக் காலை பதினொன்று நாற்பதுக்கு அனுப்பினாள். பன்னிரண்டு மணிக்கு அது பூட்டப்பட்டது. இனி கோப்புகளைத் திறக்க முடியாது, அவை வந்த நேரப் பட்டியலை மட்டுமே பார்க்கலாம்.

பட்டியலைப் பார்த்த முதலாளி சீனியின் முகம் இருண்டது.

"என்னம்மா, விடியக்காலை மூனு நாப்பதுன்னு இருக்கு? பழைய படம்தான் போயிருக்கு லா! இன்னைக்கு விசாரணைக்கு வரலன்னு குழுகிட்ட சொல்லிடுறேன்."

போனை எடுத்தார். தினேஸ்வரி பட்டியலைத் தன் கணினியில் பதிவாகியிருந்த அனுப்பிய நேரத்தோடு ஒப்பிட்டாள். மணிதான் வேறு, நிமிடமும் நொடியும் அச்சு அசலாக ஒன்று.

"அண்ணே, போனை வைங்க. அது கிரீன்விச் நேரத்தைக் காட்டுது. நாம எட்டு மணி நேரம் முன்னால இருக்கோம்."

அதே தளத்தில் பூட்டப்படாத வேறொரு கோப்புறைக்கு வெற்றுக் கோப்பு ஒன்றை அனுப்பினாள். சுவர்க் கடிகாரத்தில் பகல் பன்னிரண்டேகால். பட்டியலில் விடியற்காலை நாலேகால்.

"அடியாத்தி!" என்று சிரித்த சீனி, அவளையே விசாரணைக்கு அழைத்துப் போனார்.

குழுவினர் கோப்பைத் திறந்தார்கள். நாற்பது வீடுகளும் இருந்தன, படம் ஏற்கப்பட்டது. அந்த ஆறு வீடுகளில் ஒன்றில் குடியிருக்கும் சரளாக்கா, வாசலிலேயே தினேஸ்வரியைத் தூக்கிச் சுற்றினாள்.